மலை ஊத்துத் தண்ணிய அப்படியே அடைச்சா அது மினரல் வாட்டரா?

ஊத்துக்கண்:
இலங்கை மலைநாட்டுல ஹட்டன், நானுஓயாப் பக்கம் கடைகள்ல தொங்குற பல போத்தல்ல லேபல்ல மலையும் அருவியும், உள்ள ஆர்.ஓ. தண்ணி, அதாவது சவ்வுல அழுத்தி வடிகட்டினது. இலங்கைத் தர நம்பரப் பாத்தா எஸ்.எல்.எஸ். 894, அதாவது வெறும் போத்தல் குடிநீர். இயற்கைக் கனிய நீருக்கு நம்பரே வேற, 1038. தேயிலை மலைக்கு மேல காட்டோரத்துல வர்ற ஊத்துக்கு ஒரு சேம்பர் கட்டி, பைப்புல நேரா கொண்டுவந்து அடைச்சா அதுதான் 1038. ஆர்.ஓ.வும் வேணாம், ஓசோனும் வேணாம். மண்ணே வடிகட்டிக் குடுத்திடுது. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பாறைத்துளை:
மண் வடிகட்டுதுன்னு நம்புறதுலதான் சிக்கலே. நம்ம மலைநாட்டுல தண்ணி ரெண்டு தட்டுல இருக்கு. மேல உக்கின பாறையும் மண்ணும். சில இடத்துல 5 மீற்றர், சில இடத்துல 20ஐயும் தாண்டும். அதுக்குக் கீழ கெட்டிப் பாறை: சார்னொகைட், குவாட்சைட், நைஸ். அந்தப் பாறையில ஊறல் கிடையாது, வெடிப்புல மட்டும்தான் தண்ணி ஓடும். நீங்க பாக்குற ஊத்துல பெரும்பாலானது மேல் தட்டுத் தண்ணி. போன மாசத்து மழையே இந்த மாசம் வெளிய வரும். அதோட சேர்ந்து மேட்டுல போட்ட யூரியாவும் நைட்ரேட்டா வரும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கக்கூஸ் குழியும் வரும். இயற்கைக் கனிய நீருக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) வச்ச நைட்ரேட் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுற சரிவுக்குக் கீழ இருக்கிற ஊத்துன்னா நான் முதல்ல பாக்கிறது அந்த அளவைத்தான்.

ஊத்துக்கண்:
சரிங்க, ஆனா அதே கோடெக்ஸ் 'இயற்கையா வர்றது அல்லது துளையிட்டு எடுக்கிறது'ன்னு ரெண்டையும்தானே சொல்லுது? குழாய்க் கிணறுதான் வேணும்னு எங்க இருக்கு? குவாட்சைட் மேட்டோட அடிவாரத்துல, வெடிப்பு வாய் திறக்கிற இடத்துல வர்ற ஊத்து வருஷம் பூரா ஒரே அளவுதான் ஓடும்.

பாறைத்துளை:
ஒரே அளவு ஓடுனா போதாது, உள்ளடக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். அத வாயால சொல்ல வேணாம், காட்டிருங்க. ஒரு மின்கடத்துதிறன் மீற்றரும் (தண்ணியில கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காட்டும்) வெப்பமானியும் போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு வருஷம். பெரிய மழை பெஞ்சு 24 மணித்தியாலத்துக்குள்ள ஒரு தடவை கூடுதலா. மழைக்குப் பிறகு கடத்துதிறன் 90லிருந்து 60க்கு இறங்கினா மழைத்தண்ணி நேரா கலக்குதுன்னு அர்த்தம். காலைக்கும் மத்தியானத்துக்கும் சூடு மாறினாலும் அது ஆழத்துத் தண்ணி இல்ல.

தேறலைன்னா துளைதான். அதுலயும் மேல் தட்டை முழுசா அடைக்கணும். கேசிங்கை, அதாவது துளைக்குள்ள இறக்குற காப்புக் குழாயை, கெட்டிப் பாறைக்குள்ள 2-3 மீற்றராவது இறக்கி, சுத்தி இருக்கிற இடைவெளிக்கு சீமெந்துக் கூழ். 50 கிலோ மூடைக்கு 25 லீற்றர் தண்ணி. மெல்லிய பைப்பை அடிவரைக்கும் விட்டு கீழயிருந்து மேல நிரப்பணும். மேலயிருந்து ஊத்தினா பாதில அடைச்சு நின்னு, கீழ பொந்து விழும். வெளிய பாத்தா எல்லாம் அழகா இருக்கும், பிறகு முதல் பெருமழைக்கே கிணத்துல கலங்கல் வரும். கேசிங் வாய் நிலத்துக்கு மேல அரை மீற்றராவது நிக்கணும். மூடியில பூட்டு, சுத்தி வெளிப்பக்கம் சரிஞ்ச கொங்கிரீட் தளம்.

நிரப்பி:
தண்ணி எங்கயிருந்து வந்தாலும் சரி, 'ஒண்ணும் செய்ய வேணாம்'னு சொல்றது சரியில்ல. இங்கத்தப் பாறைத் தண்ணியில இரும்பு இருந்தா, கிணத்துல எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அடைச்சு ஒரு வாரத்துல லேசா மஞ்சள் தட்டும், பிறகு போத்தல் அடியில துருப் பொடி. மூடி திறக்காத போத்தல்ல துரு கண்டா கடைக்காரர் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிருவார். அதைத் தடுக்க காத்தூட்டி, மணல் வடிகட்டியில விட்டு இரும்பைப் பிரிச்செடுக்க கோடெக்ஸ் அனுமதிக்குது. மங்கனீசு இருக்கே, அதுதான் முரடு. காத்துக்கு லேசில மசியாது. மாசக்கணக்கா அப்படியே கிடந்து பிறகு கறுப்புத் துகளா வரும். அதுக்குப் பயந்து ஓசோனைக் கூட்டினா தண்ணியே ரோஸ் நிறமாப் போகும், மங்கனீசு பேர்மங்கனேற் ஆகிரும்.

கிருமியக் கொல்றதுக்காக ஓசோனோ யூ.வி.யோ (புற ஊதாக் கதிர்) போட்டா அந்த நிமிஷமே 'இயற்கைக் கனிய நீர்'ன்ற பேர் போச்சு. 2024 ஆரம்பத்துல பிரான்ஸ்ல மினரல் வாட்டர்க் கம்பனிகளைப் பத்தி வெடிச்ச விவகாரமும் யூ.வி.யும் கரி வடிகட்டியும் போட்டதாலதான். 894ல அடைக்கிறவங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

ஊத்துக்கண்:
அப்போ கிருமிக்கு என்னதான் வழி?

நிரப்பி:
வழி பேக்டரிக்குள்ளதான். கிருமி ஊத்தில இல்லாட்டியும் உங்க பைப்புல வரும். சியூடோமோனாஸ் ஏருஜினோசான்ற பக்டீரியா 250 மில்லிலீற்றர்ல ஒண்ணு கூட இருக்கக்கூடாது. அது குடியிருக்கிறது ரப்பர் ஹோஸ்லயும், தண்ணி ஓடாம முட்டி நிக்கிற பைப் முனையிலயும், நிரப்பு முனை வாஷருக்குப் பின்னாலயும். லைனைக் கழுவ 85 பாகை சுடுதண்ணி 30 நிமிஷம், கடைசி முனையில வெளிய வர்ற தண்ணியே அந்தச் சூட்டுல இருக்கணும். தொட்டியில மட்டும் 85 காட்டினா பிரயோசனமில்ல. தொட்டிக்குக் காத்து போற வாய்க்கு 0.2 மைக்ரோன் வடிகட்டி. இன்னொண்ணு, கிருமி நீக்காத தண்ணியில இயல்பாவே இருக்கிற பக்டீரியா அடைச்ச பிறகு பெருகும். அதனாலதான் ஐரோப்பாவில மொத்த எண்ணிக்கையை அடைச்சு 12 மணித்தியாலத்துக்குள்ள பாக்கச் சொல்றாங்க. பத்து நாள் கழிச்சு சாம்பிளை லாப்புக்குக் குடுத்து, 'ஐயோ ஆயிரக்கணக்கில'ன்னு அலற வேணாம்.

பவுசர்ல (தண்ணி லொறி) ஏத்தி கொழும்புல அடைக்கலாமான்னு கேக்கப் போறவங்களுக்கும் இங்கேயே சொல்லிர்றேன்: முடியாது. ஊத்துக்குப் பக்கத்திலயே அடைக்கணும்.

பீலிக்கரை:
பேரும் நம்பரும் இருக்கட்டும், அளவை யாருமே பேசலையே. செக்கனுக்கு அரை லீற்றர், நாளுக்கு 16 மணித்தியாலம்னா 28,800 லீற்றர். ஒன்றரை லீற்றர்ப் போத்தல்ல கழுவுற தண்ணி சேர்க்காம 19,200. கீழ லயத்துச் சனம் தண்ணி பிடிக்கிற பீலிக்கும் அதே வெடிப்புதான்னா யார் குடம் காலியாகும்? உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டும்போது பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊத்தும் வத்தி, சுவரும் வெடிச்சது எல்லாருக்கும் தெரியும். வெடிப்புத் தண்ணி எதோட எதைச் சேர்த்திருக்குன்னு மேலயிருந்து பாத்தா தெரியாது.

பாறைத்துளை:
சுரங்கம் இரவு பகலா தண்ணிய வடிச்சது, ஒரு துளையோட அத ஒப்பிடுறது கொஞ்சம் அதிகம். ஆனா பயம் நியாயமானது. 72 மணித்தியாலம் ஒரே வேகத்துல பம்ப் பண்ணி, பக்கத்துப் பீலி எல்லாத்தையும் 20 லீற்றர் வாளியும் ஸ்டொப்வாட்சும் வச்சு அளக்கணும். 40 செக்கன்ல நிரம்பின வாளி 55 எடுத்தா அங்கயே நிப்பாட்டுங்க. சோதனையை ஹட்டன் பக்கம்னா பெப்ரவரி-மார்ச்லயும், ஊவாப் பக்கம்னா ஓகஸ்ட்-செப்டெம்பர்லயும் வைங்க. மழை மாசத்துல செஞ்ச சோதனை காகிதத்துல மட்டும்தான் ஓடும்.

பீலிக்கரை:
மூணு நாள் சரியா ஓடி மூணாம் வருஷம் வத்தினா?

ஊத்துக்கண்:
துளைக்கு அந்தக் கேள்வி இருக்கு, ஒத்துக்கிறேன். ஊத்துச் சேம்பர்னா வழி இருக்கு: லயத்துக் குழாயை அடியில வைங்க, பேக்டரிக் குழாய் அதுக்கு 30 சென்ரிமீற்றர் மேல. தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது பேக்டரிதான்.

பீலிக்கரை:
அந்தக் குழாயைப் பிறகு யாரும் கீழ இறக்காம கொங்கிரீட்ல பதிச்சு விடுங்க. சேம்பர்ச் சாவியில ஒண்ணு லயத்துல இருக்கட்டும்.