லோகோ கேட்டால் வாட்ஸ்அப் படம் வருகிறது: சேர்ட்டுக்கு வினைல் வெட்டுகிறவர்களே, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை கட்டர்

எங்களுடையது சின்னக் கடை. வினைல் தாளை வடிவமாக வெட்ட ஒரு பிளொட்டர் (கட்டர் என்பதும் அதைத்தான்), அதைச் சூட்டில் சேர்ட்டில் ஒட்ட ஒரு ஹீட் பிரஸ், அவ்வளவுதான். ஒஃபிஸ் கிரிக்கெட் காலம் வந்துவிட்டால் ஆளுக்கு ஆள் டீசேர்ட் கேட்டு வருவார்கள். "லோகோ இருக்கா?" என்றால் "ஓம், இப்பவே அனுப்புறன்" என்பார்கள். வந்து சேருவது யாரோ யாருக்கோ ஃபோர்வர்ட் பண்ணி, ஓரமெல்லாம் சாம்பல் பூத்துப்போன ஒரு ஜேபெக்.

அண்மையில் வந்தது ஒரு லொறிக் கொம்பனியின் ஓடர். நீல வட்டத்துக்குள் லொறி, அதைச் சுற்றி மூன்று மொழியிலும் பெயர், கீழே நிழல். படத்தின் அகலம் ஏறக்குறைய 300 பிக்சல். அதை நெஞ்சில் 10 சென்ரிமீற்றரில் போட வேண்டும், முதுகில் 28 சென்ரிமீற்றரில். 10 சென்ரிமீற்றரிலேயே அங்குலத்துக்கு 76 பிக்சல்தான் வரும். முதுகுக்குக் கணக்குப் பார்க்கவே தேவையில்லை.

"போனில பாக்க வடிவாத்தானே இருக்கு, தம்பி?"

"போனுக்குச் சரி, சேர். ஆனா கட்டருக்குப் படம் தெரியாது. கோடு குடுத்தாத்தான் பிளேடு ஓடும்."

பிரச்சினையின் வேர் அதுதான். பிளேடு வெக்டர் பாதையின் மேல், அதாவது பிக்சலாக இல்லாமல் கோடாக வரைந்ததன் மேல் நகருகிறது. நிறம் மெல்ல மங்குவதும் நிழலும் அதற்கு ஒன்றுமே இல்லை. வெட்டு அல்லது வெட்டாதே, இடைநிலை கிடையாது. ஆகவே நிழலைத் தூக்கிவிட்டு, மங்கும் நீலத்தை ஒரே நீலமாக்கச் சம்மதம் வாங்கினேன். நிறத்துக்கு நிறம் தனி வினைல், தனித்தனியாக அழுத்த வேண்டும் என்று சொன்னதும் சேரும் ஒரே நிறத்துக்கு இறங்கி வந்தார். காசு என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

பிறகு ட்ரேஸ், அதாவது படத்தைக் கோடாக மாற்றுவது. இப்படியான படத்தை அப்படியே ஓட்டோ ட்ரேஸில் போட்டால் வட்டம் உருளைக்கிழங்காகித்தான் வரும். பிக்சல் படிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட், கோடு திரும்பும் புள்ளி, விழும். பிளேடு ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கித் திரும்பும். ஓரம் வாள்பல் மாதிரி வரும். அதனால் வட்டத்தை நான் ட்ரேஸ் பண்ணுவதே இல்லை. படத்தைக் கீழே பூட்டி வைத்துவிட்டு, மேலே எலிப்ஸ் கருவியால் புதிதாக ஒரு வட்டம் போடுவேன். லொறியின் நேர்கோடுகளும் அப்படித்தான், பென் கருவியால் மூலைக்கு மூலை. ஆங்கிலப் பெயருக்குச் சரியான ஃபொண்ட் அகப்பட்டால் திரும்பவும் ரைப் பண்ணிவிடுவேன். ட்ரேஸுக்கு விடுவது வேறு வழியில்லாத வளைவுகளை மட்டும். அதற்கும் முதலில் படத்தை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கி, லேசாக மங்கலாக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றிய பிறகுதான் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ட்ரேஸ் பிட்மெப்.

இனித்தான் முக்கியமான விஷயம், தமிழ் ஆட்கள் கட்டாயம் கவனியுங்கள். அந்த ட்ரேஸில் 'ஸ்பெக்கிள்ஸ்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. தூசி மாதிரியான சின்னப் புள்ளிகளை அது விழுங்கிவிடும். படத்தைக் கழுவி எடுப்பதற்கு நல்லது, ஆனால் அதற்குத் தூசியும் ஒன்றுதான், 'ம்' இன் மேலிருக்கும் புள்ளியும் ஒன்றுதான். கூட்டி வைத்தால் 'நிறுவனம்' 'நிறுவனம' ஆகிவிடும். ட்ரேஸ் முடிந்ததும் ஒவ்வொரு மெய்யெழுத்தாகத் தலையைப் பாருங்கள்.

ட்ரேஸில் தப்பிய புள்ளி வீடிங்கில், வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது, போகும். 5 மில்லிமீற்றர் உயர எழுத்தில் புள்ளி ஒரு மில்லிமீற்றர்கூட வராது. சுற்றியிருக்கும் வினைலை உரிக்கும்போது கூடவே எழும்பி வந்துவிடும். நான் புள்ளியைக் கையால் அழித்து, ஒன்றரை மில்லிமீற்றரில் ஒரு முழு வட்டம் வைக்கிறேன். கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் சேர்ட்டில் இருக்கும். சிங்கள எழுத்துகளின் உள்வளையங்களுக்கும் இதே கவனம் வேண்டும், அவை அடைபட்டால் எழுத்தே மாறிவிடும். நெஞ்சு லோகோவில் மூன்று மொழியும் நெருக்கினால் எதையாவது விடச் சொல்லுங்கள். எதை விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், அந்தச் சண்டைக்குள் நான் போவதில்லை.

கொட்டாஞ்சேனை பிரிண்ட்

அண்ணா, புள்ளிக் கதை நூற்றுக்கு நூறு உண்மை. எங்களுக்கு வந்த வில்லங்கம் வேற மாதிரி. ஒரு கோயில் தொண்டர் சபைக்கு சேர்ட். படம் வேண்டாம், ஒரிஜினல் ஃபைலே தாங்கோ எண்டு கேட்டு வாங்கினம். கோரல் ட்ரோ எண்ட டிசைன் மென்பொருளின்ர ஃபைல், நல்ல சந்தோஷம். திறந்தா தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்டில அடிச்சது, எங்கட கொம்பியூட்டரில பாமினி இல்லை. ஃபொண்டைப் போட்டதும் சரியாயிற்று. டிசைன் செய்யிற ஆக்கள் அனுப்ப முதல் கொன்ட்ரோல் கியூ அடிச்சு எழுத்தைக் கர்வ், அதாவது வெறும் கோடு ஆக்கி விட்டா எவ்வளவு புண்ணியம்!

இன்னொண்டு, எழுத்துகள் ஒண்டில ஒண்டு ஏறியிருந்தா வெல்ட் பண்ணி ஒரே உருவமாக்குங்கோ. இல்லாட்டி ஏறின இடத்திலயும் பிளேடு வெட்டும். துணை எழுத்துகளை நெருக்கி வைச்ச ஃபொண்டுகளில இது நிறைய நடக்கும்.

கொழும்பு 3 எச்ஆர்

நான் மற்றப் பக்கம், சேர்ட் ஓடர் பண்ணுகிற ஆள். எங்கள் கொம்பனியில் லோகோவின் மூல ஃபைல் யாரிடமும் இல்லை. செய்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கடைக்காரத் தம்பி ஒரு வழி சொல்லித் தந்தார்: கொம்பனி புரொஃபைல், பழைய பிரசுரம், எந்த பிடிஎஃப் என்றாலும் திறந்து லோகோவைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், ஓரம் கூர்மையாகவே நின்றால் அது வெக்டர். எங்கள் வருடாந்த அறிக்கையின் பின் அட்டையில் இருந்தது! அந்த பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்து லோகோவை மட்டும் பிரித்தெடுத்தார். ட்ரேஸும் இல்லை, திரும்ப வரைவதும் இல்லை. வேர்ட் டொகியூமென்ட்டிலும் சில வேளை கிடைக்குமாம். டொக்எக்ஸை சிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் தனியாக இருக்கின்றன.

வெள்ளவத்தை கட்டர்

மிஸ் சொன்னதுதான் முதல் வேலை. நான் இப்போது ட்ரேஸுக்கு முன்னால் எல்லாரிடமும் பிடிஎஃப் கேட்கிறேன். ஆனால் கவனம், ஜேபெக்கை உள்ளே ஒட்டிய பிடிஎஃப்களும் நிறைய உலாவுகின்றன. பெரிதாக்கிப் பார்த்த பிறகே சந்தோஷப்படுங்கள்.

புறக்கோட்டைப் பெடியன்

லோகோ சரி, துணியையும் பாருங்கோ. கிரிக்கெட் ஜேர்சி பொலியெஸ்டர். சிவப்புத் துணிக்கு வெள்ளை வினைலைப் பருத்திக்கு அடிக்கிற மாதிரி 150 பாகைக்கு மேல அழுத்தினா, துணியின்ர சாயம் ஆவியாகி வெள்ளைக்குள்ள ஏறும். அடிச்ச உடனே தெரியாது, பிறகுதான் ரோஸ் நிறம் தட்டும். வெப்பம் குறைவாப் பிடிக்கிற வினைல், இல்லாட்டி சாயத்தை மறிக்கிற வினைல் கேட்டு வாங்குங்கோ.

புதுசா வந்தவன்

அண்ணாமார், இவ்வளவு கஷ்டப்படாமல் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றுகிற முறையில் அடிக்கலாமே? நிழல், மங்கல் எல்லாம் வருமே?

கொட்டாஞ்சேனை பிரிண்ட்

வரும் தம்பி. 300 பிக்சல் படத்தில இருக்கிற படிக்கட்டும் அப்பிடியே வரும். அதுக்கும் திரும்ப வரைஞ்சுதான் ஆகோணும். நிறம் கூடின லோகோ எண்டா நானும் டிடிஎஃப்தான் சொல்லுவன். ஒரு நிறம், பெரிய எழுத்து, முதுகில பேரும் நம்பரும் எண்டா வினைல். வெட்ட முதல் மிரர் போட்டு இடம் வலம் திருப்ப மறக்காதை, அது மட்டும் இப்பவே மனசில வை.

கொழும்பு 3 எச்ஆர்

லொறிக் கொம்பனிக்குக் கடைசியில் எந்த மொழியை விட்டார்கள்?

வெள்ளவத்தை கட்டர்

ஒன்றையும் விடவில்லை, மிஸ். நெஞ்சில் லொறியும் வட்டமும் மட்டும், மூன்று பெயரும் முதுகில். வேலை முடிந்ததும் சுத்தமாக வரைந்த லோகோவை பிடிஎஃப்பாகவே சேருக்கு அனுப்பி, பத்திரமாக வையுங்கள் என்றேன். அடுத்த ஓடருக்கு அந்த பிடிஎஃப்பின் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பியிருக்கிறார்.