பாதை யாருக்குச் சொந்தம் என்று வேட்பாளரிடம் கேட்டபோது

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பிரதேச சபைக்கு உட்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்காக, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வேட்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். யார் வந்தாலும் பாதையையும் பஸ்ஸையும் பற்றி மட்டுமே கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவு) மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். மகள் சாதாரண தரம் படிக்கிறாள். ஐந்தே காலுக்கு இறங்கினால்தான் ஆறரை பஸ்ஸைப் பிடிக்கலாம். மழை நாளில் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாட்டாச் செருப்போடு இறங்குவாள். கீழே கடைக்காரர் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார். கால் கழுவி, சப்பாத்துப் போட்டு, அதன் பிறகு பஸ். ஒரு தடவை ஆட்டோவில் மேலே வர 1200 ரூபாய் கேட்கிறார்கள். 2025இல் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது.

முதலில் வந்த வேட்பாளரின் வாகனம் பாதி வழியில் ஏறாமல் நின்றுவிட்டது. நடந்துதான் வந்தார். நல்லதாகப் போயிற்று, பாதையைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாங்க சபைக்கு வந்தா ஆறு மாசத்துல தார் ஊத்தி கார்ப்பட் ரோடு போட்டுடுவோம், பஸ்ஸும் மேல வரைக்கும் வரும்" என்றார்.

"ஐயா, இந்த ரோடு யாருக்குச் சொந்தம்?"

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் "கவர்மெண்ட்" என்றார், இன்னொருவர் "தோட்டம்" என்றார். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவின் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கார்ப்பட்டைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சுயேச்சைக் குழுவில் நின்ற பெண் வந்தார். பக்கத்து டிவிஷனில் முன்பள்ளி ஆசிரியை. அவரிடமும் இதையே கேட்டேன்.

"தோட்டத்துப் பாதைதான் அண்ணே. சபையோட வீதிப் பதிவேட்டுல இல்ல. அதுல ஏத்தாம நான் கார்ப்பட் போடுறேன்னு சொன்னா அது பொய்."

"அப்ப உங்களால ஆகாதா டீச்சர்?"

"ஆகும். ஆனா வேற மாதிரி."

வாசல் திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சொன்னார். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. நம்மிடம் வாக்கு வாங்கி சபைக்குப் போனவர்கள் நம் லயத்துக்கு ஒரு மதகு கட்டுவதற்குக் கூட அந்தச் சட்டம் குறுக்கே நின்றது. அதை 2018இல் திருத்தினார்கள். நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ சபையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா சபையைப் பிரித்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தது அதே காலத்தில்தான். தடை போனாலும் நிலம் தோட்டத்திடம் இருக்கிறது. அதனால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தை முதலில் வாங்க வேண்டும், பிறகு சபையில் தீர்மானம், பிறகு அளவை. "மொத நாலு மாசம் கடிதத்துக்கே போயிரும் அண்ணே. கார்ப்பட் இல்ல, ஏத்தமான இடத்துக்கு மட்டும் கொங்கிரீட். அத நான் கேட்டு வாங்கலாம்" என்றார்.

பஸ்ஸைப் பற்றியும் கேட்டேன். பஸ் விடும் அதிகாரம் பிரதேச சபைக்கு இல்லை என்று நேராகவே சொன்னார். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்து, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. போய்க் கேட்பதற்கு மாகாணத்தில் நாம் தெரிவு செய்த ஆள் ஒருவரும் இல்லை. "அதனால எல்லாரும் எங்க தலையில கட்டுறாங்க, நாங்களும் ஆமாம்னு சொல்லிடுறோம்" என்றார். பிள்ளைகளுக்கான சிசு செரிய என்ற பாடசாலை பஸ்ஸுக்குப் பாடசாலை அதிபர் வழியாக மனு போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பத்து வருடமாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறேன், அதுவரை ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

உங்கள் பக்கம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து

எங்கள் ஊரில் தேர்தல் நடந்தது சிவனொளிபாதமலைப் பருவகாலம் முடியப் போகும் நேரம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை இரவு பகலாக விசேஷ பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு வேட்பாளர் ரோட்டைக் காட்டி, "பாருங்க, எத்தனை பஸ்! இத வருஷம் முழுக்க ஓட வைப்போம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வெசாக் முடிந்த மறுவாரம் அந்த பஸ்கள் போய்விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹட்டனில் புடவைக் கடையில் வேலை செய்கிற என் தங்கைக்கு, மற்ற மாதங்களில் கடைசி பஸ் தவறினால் அன்றைய சம்பளம் ஆட்டோவுக்குப் போகும். கூட்டம் முடிந்ததும் போய், "யாத்திரைக்கு வர்றவங்களுக்கு விடுற பஸ்ஸ எங்களுக்குன்னு காட்டாதீங்க. கடைசி பஸ்ஸ ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்லி டிப்போவுக்கு ஒரு கடிதம் குடுங்க, அது போதும்" என்றேன். ஒரு பையன் அதைக் குறித்துக்கொண்டான். கடிதம் போனதா என்று கேட்டு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். இன்னும் போவேன்.

தலவாக்கலையிலிருந்து, ஆட்டோ ஓட்டுகிறேன்

மேலே ஆட்டோக் கூலி பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் அண்ணே. தோட்டத்துப் பாதையில் ஏறி இறங்கினால் புஷ், ஷொக் அப்சோபர் எல்லாம் போய்விடும். மாதம் ஒரு தடவை கராஜ். கூலியைக் குறைக்க எங்களுக்கும் ஆசைதான், பாதை விடாது.

எங்களைப் பார்க்க வந்த வேட்பாளர் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்குத் தனித் தரிப்பிடம், மேலே கூரை என்றார். பஸ் தரிப்பிடமும் ஆட்டோத் தரிப்பிடமும் உண்மையிலேயே சபையின் கையில் இருக்கிற விஷயம், அதனால் சந்தோஷப்பட்டோம். மறுநாள் அதே இடத்தை மரக்கறி விற்கிற அக்காமாருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஏழு பேரும் அந்த அக்காமாரும் சேர்ந்தே போய்க் கேட்டோம். "சேர், எடம் ஒன்னுதான். யாருக்குன்னு சொல்லுங்க." முகம் சிவந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து பேசி, காலையில் மரக்கறி, பத்து மணிக்குப் பிறகு ஆட்டோ என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். அதைத் தாளில் எழுதி அவரிடமும் எதிரணிக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கினோம். அந்தத் தாள் என் ஆட்டோவில்தான் இருக்கிறது.

பசறையிலிருந்து

இங்கே 2021 மார்ச் 20க்குப் பிறகு பாதை என்றாலே எல்லோருக்கும் 13ஆம் மைல் கட்டைதான் நினைவுக்கு வரும். லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்த இடம். வீதியில் சரிந்து கிடந்த கல்லை நேரத்துக்கு அகற்றியிருந்தால் என்று இன்றைக்கும் பேசுவோம். வேட்பாளர்கள் எல்லோருமே "அந்த ரோட்ட அகலமாக்குவோம்" என்றார்கள். அது ஏ தர வீதி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை, மிச்சம்தான் சபைக்கு. ஒருவர் மட்டும், ஓய்வு பெற்ற அதிபர், வேறு மாதிரிப் பேசினார்: "அத அகலமாக்க எனக்கு அதிகாரம் இல்ல. மண் சரிஞ்சா, கல்லு விழுந்தா அன்னைக்கே எழுத்துல அறிவிச்சு, எடுக்குற வரைக்கும் விட மாட்டேன்." அதற்காகவே அவருக்கு வாக்களித்தேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவியைப் பிரசவ வலியோடு கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நின்ற இடம் வரை இறங்கினோம். தாயும் பிள்ளையும் நலம். வந்த ஒவ்வொரு வேட்பாளரையும் அந்தப் பாதையில் நடக்க வைத்தேன். நால்வர் வந்தார்கள், இருவர் கடைசி வரை நடந்தார்கள்.

மீண்டும் நோர்வூட்டிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அக்கரப்பத்தனை அண்ணன் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

எங்கள் வட்டாரத்தில் டீச்சர் தோற்றுவிட்டார். வென்றவர் முதலில் வந்தவர்தான். எனக்கு மனவருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் 2023 மார்ச்சில் பழைய சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் போய்க் கேட்க ஒரு உறுப்பினர் கூட இல்லாமல் இருந்தோம், இப்போது ஒருவர் இருக்கிறார். டீச்சரிடமே போய்க் கடிதத்தை எழுதித் தரச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுதித் தந்தார். லயத்தில் 64 பேர் கையெழுத்திட்டோம். உறுப்பினர் அதை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்கு என்னோடு இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை சம்மதக் கடிதம் கிடைத்தது, முழுப் பாதைக்கும் இல்லை, மதகு வரைக்குமான 800 மீட்டருக்கு. போன மாதம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார். நாடாவின் ஒரு முனையை உறுப்பினர் பிடித்தார், மறுமுனையை நான்.

மதகுக்கு மேலே உள்ள ஏற்றம்தான் மோசமான இடம், அது இந்தக் கடிதத்தில் இல்லை. உங்கள் பக்கம் தோட்டத்துப் பாதை எதுவும் முழுதாகச் சபையின் பதிவேட்டில் ஏறியிருந்தால், நிர்வாகத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். டீச்சர் இரண்டாவது கடிதத்துக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.