காற்றுவேகமானியா, காற்றுக்கதிமானியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

காற்று எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று அளக்கும் கருவியைத் (anemometer) தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் உரையாடலில், சென்ற வாரம் 'காற்றுவேகமானி' என்ற சொல்லை ஆதரித்து எழுதியிருந்தேன். அந்த ஆதரவை இன்று திரும்பப் பெற்றுக்கொண்டு, 'காற்றுக்கதிமானி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். என் மனத்தை மாற்றியவள் பத்தாம் தரத்தில் படிக்கும் என் மருமகள்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு குழாயைக் கட்டி, அதன் உச்சியில் நானும் அவளும் சேர்ந்து செய்த, காற்றில் கிண்ணங்கள் சுழலும் கருவியை ஏற்றியிருக்கிறோம். கீழே மழைமானியும் வெப்பமானியும் முன்பே இருக்கின்றன. முதலில் கிண்ணங்களாக மூன்று சிரட்டைகளை வைத்துத்தான் செய்து பார்த்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மெல்லிய காற்றுக்கு அசையவே இல்லை. ஒரு சிரட்டையின் எடை மற்றதோடு ஒத்துப்போகாததால், சுழலத் தொடங்கியதும் குழாயே நடுங்கியது. பிறகு பிளாஸ்டிக் பந்துகள் இரண்டை நடுவால் அறுத்து, அதில் மூன்று பாதிகளை எடுத்துக்கொண்டோம். கைகளுக்குச் சைக்கிள் கம்பி. அச்சுக்கு 22 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள ஒரு பெயரிங் (bearing), அதன் கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்துவிட்டு. சுழலும் தட்டின் அடியில் ஒரு சிறு காந்தம். அதற்கு எதிரே அசையாமல் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த காந்த ஆளி, அதாவது காந்தம் நெருங்கினால் மூடும் சுவிட்ச். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஆளி மூடித் திறக்கும். காதை வைத்துக் கேட்டால் 'டிக்' என்ற ஒலி கேட்கும்.

அதை அளவு திருத்துவதற்காக, காற்று எழும்பாத விடியற்காலையில் வல்லை வெளிக்குப் போனோம். நண்பர் ஒருவர் முச்சக்கர வண்டியை ஓட்ட, வண்டியின் கூரைக்கு மேலே நன்றாக உயர்த்திய தடியில் கருவி. கைத்தொலைபேசி காட்டும் மணிக்கு 30 கிலோமீற்றரில் வண்டி சீராக ஓடியபோது, ஆளி ஒரு தடவை மூடுவதை ஒரு துடிப்பு என்று கொண்டு, பத்து செக்கன்களுக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணினோம். போகும்போது 74, திரும்பும்போது 66. இருக்கிற சிறு காற்று ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துவிடும் என்பதால் இரண்டின் சராசரியான 70ஐ எடுத்துக்கொண்டோம்.

மருமகள் அட்டவணை போட்டாள். முதல் நிரலுக்குத் 'துடிப்பு' என்று எழுதினாள். இரண்டாவதற்கு நான் 'வேகம்' என்று சொல்ல, அவள் பேனையை நிறுத்தி, "மாமா, இதில் திசை இல்லையே. கதி என்றல்லவா எழுத வேண்டும்?" என்று கேட்டாள்.

தமிழகத்து நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது வேகம். அதற்குத் திசை உண்டு. உங்கள் பாடநூல்களில் முன்னது வேகம், பின்னது திசைவேகம். ஆகவே 'காற்றுவேகமானி' மதுரையில் சரியான சொல். யாழ்ப்பாணத்தில் அதே சொல் கருவி செய்யாத வேலையைச் சொல்கிறது. பரீட்சையில் இதை மாற்றி எழுதினால் இங்கே புள்ளி போய்விடும்.

அதிலும் கிண்ணக் கருவி திசையை அறியவே அறியாது. கிண்ணத்தின் குழிந்த பக்கத்தில் காற்று மோதும்போது ஏற்படும் தடை, குவிந்த பக்கத்தில் ஏற்படுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கிண்ணங்கள் குவிந்த பக்கம் முன்னே செல்லும்படி ஒரே பக்கமாகத்தான் சுழலும். ஆனியில் தெற்கிலிருந்து சோளகம் அடித்தாலும் மார்கழியில் வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் எங்கள் கருவிக்கு இரண்டும் ஒன்றே. திசையைச் சொல்லப் பக்கத்தில் காற்றுத்திசைகாட்டி தனியாக வேண்டும்.

கோயம்புத்தூர் நண்பர் முன்பொருமுறை, 'கதி' என்றால் எங்கள் ஊரில் தலைவிதி என்று நினைப்பார்கள் என்று எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அவரும் நாமும் ஒரே பொருளில் 'கதி' என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது: இசை. இணுவில் பக்கம் கோயில் திருவிழாவில் தவில் கேட்டுக்கொண்டு நிற்கும் எவருக்கும் இது விளங்கும். தாளம் மாறாமல் இருக்க, அட்சரம் என்ற ஒரு தாள அடிக்குள் விழும் எண்ணிக்கை மட்டும் சதுஸ்ர கதியில் நான்காக, திஸ்ர கதியில் மூன்றாக, கண்ட கதியில் ஐந்தாக மாறுகிறது. ஒரு குறித்த காலத்துக்குள் எத்தனை என்பதுதான் அங்கே கதி. பத்து செக்கனுக்குள் எத்தனை துடிப்பு என்று நாங்கள் வல்லையில் எண்ணியதும் அதையேதான்.

ரொறன்ரோவிலிருந்து அக்கா பரிந்துரைத்த 'வளிமானி' குறுகிய, இனிமையான சொல். எனக்கும் பிடிக்கும். ஆனால் இலங்கையில் வளி என்பது நின்றாலும் அசைந்தாலும் வளிதான்: வளிமண்டலம், வளியமுக்கம், வளிமண்டலவியல் திணைக்களம். அது ஓடத் தொடங்கினால்தான் காற்று. நாம் அளப்பது ஓட்டத்தை. 'காற்றாடிமானி' என்ற பரிந்துரையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சென்னையில் காற்றாடி என்றால் பட்டம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுவே வலுவானது. இன்று காதுக்குக் கேட்காத மீயொலியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. சுழலும் பகுதி எதுவும் இல்லாமல், எதிரெதிர் உணரிகளுக்கிடையே ஒலி போய்ச்சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு திசையிலும் காற்று எவ்வளவு என்று தனித்தனியே கணித்து, கதியையும் திசையையும் சேர்த்தே தருகின்றன. இலங்கை வழக்கில் 'காற்றுவேகமானி' என்ற பெயருக்கு முழு உரிமை உடையது அந்தக் கருவிதான். கிண்ணக் கருவிக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், மீயொலிக் கருவிக்கு என்ன பெயர் வைப்போம்?

அடுத்து ஒரு சிறு சொல். அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் இருந்த ரொபின்சன் 1846இல் நான்கு கிண்ணங்கள் கொண்ட கருவியை அமைத்தபோது, கிண்ணத்தின் அளவும் கையின் நீளமும் எதுவானாலும் காற்று கிண்ணத்தைப் போல மூன்று மடங்கு விரைவாக ஓடும் என்று நம்பினார். அது பொதுவிதி அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. மூன்று கிண்ண அமைப்பைக் கனடாவின் பற்றர்சன் 1926இல் கொண்டுவந்தார். எங்கள் கருவியில் அச்சிலிருந்து கிண்ணத்தின் நடு வரை 7 சென்ரிமீற்றர். ஒரு சுற்று 44 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 7 சுற்று என்றால் கிண்ணம் ஓடியது 3.08 மீற்றர், காற்று ஓடியது 8.33 மீற்றர். ஆக 2.7 மடங்கு. ரொபின்சனின் 3ஐ நம்பியிருந்தால் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றை 33 என்று பதிந்திருப்போம். இந்த மடங்குக்குக் 'கிண்ணக் காரணி' என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன்.

காந்த ஆளி மூடும்போது உள்ளே உள்ள தகடுகள் ஒன்றோடொன்று மோதி இரண்டு மூன்று தடவை துள்ளும். கணக்கில் இல்லாத சுற்றுகள் அதனால் சேரும். ஒரு துடிப்புக்குப் பின் சில மில்லிசெக்கன்களுக்கு வருவதைக் கணக்கெடுக்காமல் விட்டால் தீர்ந்தது. இதைத் 'துள்ளல் நீக்கம்' என்று எழுதி வருகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு விடை கிடைக்காத சொல் ஒன்று மீதி இருக்கிறது. காற்றின் கதியைப் பத்து நிமிடச் சராசரியாகப் பதிவது உலக வழக்கு. சராசரி 14 காட்டும் நேரத்தில், நடுவே மூன்று செக்கன் மட்டும் 27க்கு ஏறி இறங்கும் காற்றை என்னவென்று அழைப்பது? 'வீச்சு' இயற்பியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'சூறை' மிகப் பெரிது. வல்வெட்டித்துறையிலும் குருநகரிலும் கடற்றொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பாயும் படகும் தெரிந்த பெரியவர்களிடம் இதற்கு ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். தயவுசெய்து வீட்டில் கேட்டு எழுதுங்கள். அட்டவணையின் மூன்றாவது நிரல் தலைப்பில்லாமல் இருக்கிறது. வாடை தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று மருமகள் நாள்தோறும் கேட்கிறாள்.