அண்ணா சாலைப் பழைய அலுவலகக் கட்டடம்: இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா?

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூர் அண்ணா சாலையில் அப்பா 1983-இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. கீழே கடைகள், மேலே வாடகை அலுவலகங்கள். கான்கிரீட் தூண்கள், 9 அங்குலச் செங்கல் சுவர், ஒவ்வொரு தளமும் 11 அடி உயரம், மேற்குப் பக்க நடை முழுக்க சிமென்ட் ஜாலி, அதாவது காற்று வர ஓட்டை விட்ட தடுப்பு. கூட்டாக இடித்து ஆறு மாடி கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்திருக்கிறார். கண்ணாடி முகப்பு, சோலார், பசுமைக் கட்டடச் சான்றிதழ் எல்லாம் உண்டாம். தம்பிக்குச் சம்மதம், எனக்கு மனசு வரவில்லை. மனசை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள், எது சரி?

காட்பாடி சிவில்:
இடித்துவிடுங்கள் சார். அந்தக் காலத்தில் கையால் கலவை போட்டார்கள், கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது கவர், ஒழுங்காக இருக்காது. நாற்பது வருடத்தில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கிவிடும், கம்பி துருப்பிடித்து உப்பும், பூச்சு உதிரும். கழிவறைப் பக்கம் கூரையை அண்ணாந்து பாருங்கள், பழுப்புக் கோடு தெரிந்தால் அதுதான். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அதே மாதம் நம் மாவட்டத்தில் நில அதிர்வும் வந்தது. பழைய கட்டடத்தில் ஆட்களை உட்கார வைப்பது விளையாட்டில்லை.

கஸ்பா:
நான் இருபது வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். அண்ணா, அவசரப்படாதீர்கள். கண்ணாடி முகப்பு போட்ட ஒரு கட்டடத்தில் போன மே மாதம் வேலை. மாலை ஆறு மணிக்கு மேற்குக் கண்ணாடியில் கை வைத்தேன், வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். உள்ளே எட்டு ஏசியும் ஓடிக்கொண்டே இருந்தன. 40 டிகிரி தாண்டும் ஊரில் மேற்குப் பக்கம் கண்ணாடி போட்டுவிட்டு அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் அப்பா ஜாலி வைத்தது வெயில் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்துதான்.

சோலார் கணக்கையும் பாருங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மொட்டைமாடி வேண்டும், நாளுக்குச் சராசரி 4 யூனிட் வரும். ஆறு மாடி ஆனாலும் மொட்டைமாடி ஒன்றுதான். மூன்று மாடிக்குக் கிடைத்ததை ஆறு மாடி பங்கு போட வேண்டும்.

அப்புறம், சிமென்ட் அரைக்கச் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கர் 1 டன் செய்தாலே சுமார் 0.8 டன் கரியமில வாயு. நிற்கிற கட்டடத்துக்கு அந்தக் கணக்கு 1983-லேயே முடிந்துவிட்டது. அதில் போட்ட பாலாற்று மணலை இனி எந்த ஆற்றில் அள்ளுவது? இடித்த கான்கிரீட் கடைசியில் எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்று ஆற்றங்கரைப் பக்கம் நடந்து பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது.

நம் கோட்டை 16-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது, அதற்குள் இன்றும் அருங்காட்சியகம் நடக்கிறது.

காட்பாடி சிவில்:
கோட்டையை இதோடு சேர்க்காதீர்கள் தம்பி. அது கருங்கல், துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. கண்ணாடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நானும் அதைப் போடச் சொல்லவில்லை. ஆனால் பழையது நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

தொரப்பாடி:
அந்த வரிசையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு நான் மாதாமாதம் போக வேண்டியிருக்கிறது. எனக்குப் போலியோ பாதித்த கால். லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுவேன், பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. சிமென்ட் மிச்சம், மின்சாரம் மிச்சம் என்று பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்கள் உள்ளே வர முடியாத கட்டடத்தை எத்தனை வருடம் காப்பாற்றி என்ன பயன்?

கஸ்பா:
ஐயா, இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பின்புறம் காலி இடம் இருந்தால் தனி இரும்புச் சட்டத்தில் லிஃப்ட் நிறுத்தலாம், பழைய தூண்கள் மேல் பாரம் ஏறாது. வாசலில் சாய்தளமும் கட்டாயம். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை இடிக்காமலேதான் புதுப்பித்தார்கள். 6,514 ஜன்னல்களையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டுச் சரிசெய்து, மின்செலவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கத் திட்டமிட்டார்கள். இங்கே மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு பதிப்பது, மேற்கு ஜாலியைத் திறந்துவிடுவது, இவற்றைச் செய்தாலே ஏசி தேவை குறையும்.

பாலாற்றங்கரை:
பின்னால் 12 அடி காலி இடம் இருக்கிறது. நேற்று மேலே போய்ப் பார்த்தேன். வாடகைக்கு இருந்தவர்கள் ஜாலியைப் பிளைவுட் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு பலகையைக் கழற்றினேன், நடை முழுக்கக் காற்று வந்தது. ஆனால் சிவில் சார் சொன்ன பழுப்புக் கோடும் கழிவறைக் கூரையில் இருக்கிறது, இரண்டு இடத்தில் கம்பியே தெரிகிறது.

காட்பாடி சிவில்:
அப்படியானால் பில்டரிடம் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சோதனை, அப்புறம் தூண்களில் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். பலம் இருந்தால் தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்ட ஜாக்கெட் போட்டு வைத்துக்கொள்ளலாம், நானே வந்து பார்க்கிறேன். பலம் இல்லையென்றால் இடிக்கத்தான் வேண்டும், அதில் நான் மாற மாட்டேன். கழிவறை மூலைத் தூணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் மேல்தானே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது?

பாலாற்றங்கரை:
ஆமாம் சார், அதே தூண்தான். இன்றைக்கே தொட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.