மறு: ஹைப்பர்வைசரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அண்ணாச்சி, வணக்கம்.

> மெய்நிகராக்க மேலாண்மை மென்பொருள்

ஒரே கணினியைப் பல கணினிகள்போலக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளத்தை ஓடவைக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். அதற்கு நீங்கள் சொன்ன இது விளக்கம், பெயர் இல்லை. செயலி மெய்நிகராக்கம்தான் என் சோலி. நாள் முழுக்கச் சொல்லவேண்டிய சொல் இவ்வளவு நீளமாக இருந்தால் கட்டுப்படியாகாது.

பழைய ஐபிஎம் கணினிகளில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவைச் சூப்பர்வைசர் என்றார்கள். அதற்கும் மேலே உட்கார்ந்ததால் ஹைப்பர்வைசர். சூப்பர்வைசருக்கு நம்ம பக்கத்துச் சொல்லே இருக்கிறது: கண்காணி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிதான். அங்கே சில்லறைக் கங்காணிக்கு மேலே பெரிய கங்காணி. ஹைப்பர்டெக்ஸ்ட் என்பதற்கான மீயுரையில் வரும் 'மீ'யைச் சேர்த்தால் மீகண்காணி. (வலி மிகுமா மிகாதா என்று சண்டை வேண்டாம், 'மீ'க்குப் பின் இரண்டும் வரும்.)

கங்காணி என்றாலே தோட்டக்கடன்தான் நினைவுக்கு வரும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் கண்காணிப்புக் கேமரா என்று சொல்லும்போது யாரும் தோட்டத்தை நினைப்பதில்லையே! எனக்கு உறுத்துவது வேறு. பெரிய கங்காணி இருப்பது சில்லறைக் கங்காணிக்குத் தெரியும். ஹைப்பர்வைசரின் கீழ் ஓடும் விருந்தினர் இயங்குதளமோ நிஜக் கணினியில் ஓடுவதாகவே நினைத்து ஓடவேண்டும். கணினி அறிவியலாளர்கள் போபெக்கும் கோல்ட்பர்க்கும் 1974-இல் மெய்நிகராக்கத்துக்கு வைத்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்று.

இன்டெல் வகைச் செயலிகளான பழைய எக்ஸ்86 சறுக்கியது இங்கேதான். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். விருந்தினரின் கருவை அப்போது உரிமை குறைந்த நிலையில்தான் ஓட்டினார்கள். பாப்எஃப் என்ற கட்டளை, அந்த நிலையில் குறுக்கீட்டுக் கொடியை (இன்டரப்ட்டை ஏற்பதா இல்லையா என்ற குறியை) மாற்றப் பார்த்தால், செயலி பிழை எழுப்பாது. கொடியை அப்படியே விட்டுவிட்டுக் கமுக்கமாக அடுத்த கட்டளைக்குப் போய்விடும். சத்தம் கேட்டால்தானே மேலே இருக்கும் மீகண்காணி பிடிக்க முடியும்? விஎம்வேர் நிறுவனம் 1999-இல் இப்படிப்பட்ட கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005-இல் செயலியிலேயே மெய்நிகராக்க வசதியாக இன்டெல் விடி-எக்ஸ் வந்தது. விருந்தினர் கரு தன் முழு உரிமை நிலையிலேயே ஓட, தேவையான இடத்தில் செயலியே கட்டுப்பாட்டை மேலே ஒப்படைத்தது. எங்கள் பிழைப்பு ஓடுவது அந்த ஒப்படைப்புகளை எண்ணிக் குறைப்பதில்தான். ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும்.

கட்டளையை நிறுத்திக் கட்டுப்பாட்டை மேலே அனுப்பும் டிராப்புக்கு நீங்கள் போட்ட 'பொறி' வேண்டாம். மெய்நிகர் பொறி என்று இயந்திரத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 'மெய்நிகர் பொறி பொறியில் சிக்கியது' என்றால் பாளையங்கோட்டை வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிடும். 'மடக்கு' என்று வைப்போம். அப்படி மடக்கிய கட்டளையின் வேலையை மீகண்காணியே செய்துகாட்டும் டிராப் அண்ட் எமுலேட்டுக்கு 'மடக்கிப் போலச்செய்தல்'.

விருந்தினர்களைத் தாங்கும் கணினியான ஹோஸ்ட்டுக்கு 'ஓம்பி' எனக்குச் சம்மதம். மீகண்காணிக்கு மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.