தடை வந்த நாட்களில் உங்கள் ஊர் வீரர்களுக்கு என்ன நடந்தது? பகிருங்கள்

குருநகர்க் கரை:
2023 ஜனவரி 21, இலங்கைக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஃபிஃபா தடை. சம்மேளனத் தேர்தல் இழுபறியும் அதில் அரசு தலையிட்டதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் கழகத்தில் இடது பக்கம் ஓடுகிற தம்பி ஒருவன், 19 வயது. தேசிய அணித் தெரிவுக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பி, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தான். ஜூனில் பெங்களூருவில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கிண்ணம். இலங்கை இல்லை, லெபனானும் குவைத்தும் அழைப்பில் வந்து ஆடின. கழக வாசலில் ஒரு போனைச் சுற்றி இருந்து பார்த்தோம். அவன் பாதியில் குனிந்து, புழுதி படிந்த பூட்ஸின் லேஸை அவிழ்த்தான், கட்டினான், திரும்ப அவிழ்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகஸ்டில் தடை நீங்கியபோது அவன் கட்டாரில்.

வவுனியா சேர்:
தம்பி, வலி விளங்குகிறது. அதற்காக அரசு கையே வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டாம். விளையாட்டுச் சங்கங்கள் மேல் அமைச்சருக்கு அதிகாரம் தருகிற 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் பிறகு எதற்கு? அதே வருடம் நவம்பரில், உலகக் கிண்ணத்தில் மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியாவிடம் நம் அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட பிறகு விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தபோது நான் கை தட்டியவன். நான்கே நாளில் சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசியின் தடை. இலங்கையில் நடக்க இருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வான் பேசி வைத்திருந்தேன். "எங்களை யார் தடுத்தது சேர்?" என்று ஒருவன் கேட்டான். அமைச்சரா, சபையா, ஐசிசியா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மன்னார் கோச்:
என்னிடமும் இரண்டு பேர் அந்த வருடம் பயிற்சிக்கு வராமல் நின்றார்கள். அது இருக்கட்டும். கழகம் நடத்துகிறவர்கள் கேளுங்கள். யாப்பில் தேர்தல் திகதியை எழுதி வையுங்கள். வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். மேலே சம்மேளனத் தேர்தலில் வாக்குப் போடப் போகிறவரிடம் யாருக்குப் போடுகிறார் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கணக்குக் காட்டாத சபைதான் அமைச்சுக்கு வாசலைத் திறந்து விடுகிறது. அப்புறம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாவட்ட மாகாணப் போட்டிச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஆடிய மேட்ச்சை வீடியோ எடுங்கள். தடை நீங்கும் நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

குருநகர்க் கரை:
சேர், நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கட்டும், வழக்கும் போடட்டும். ஆனால் தண்டனை வந்து விழுந்தது கதிரையில் இருந்தவர்கள் மேல் இல்லை, இவன் மேல். கோச் அண்ணா, அவனுடைய ஃபைல் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. அந்த ஒக்டோபரில் கொழும்பில் யேமனோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தைக் கட்டாரில் இருந்து பார்த்திருக்கிறான். "இடது பக்கம் ஓடுறது ஆர் அண்ணா?" என்று மட்டும் மெசேஜ் வந்தது.