ஒரே தோட்டம் இரண்டு வரியாக வருகிறது: வரிகளைக் கூட்டித் தரும் ஆக் கட்டளை ஏன் சேர்த்துக் கூட்டவில்லை?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். எங்கள் கோயில் கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் கணினியில் ஒரே கோப்பாக இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ, கிள்ளான் என்று போனவர்களும் பணம் அனுப்பியிருக்கிறார்கள். தோட்டவாரியாக மொத்தம் போட்டுக் கோயில் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்:

முனியாண்டி த/பெ ராமசாமி;கமுனிங் தோட்டம்;50

த/பெ, க/பெ இரண்டையும் தனிப் புலமாக (; குறிகளுக்கு இடையே உள்ள பகுதியாக) பிரிக்க, எழுத்தைத் தேடி மாற்றும் செட் கட்டளையைப் பயன்படுத்தினேன். சாய்கோடு பட்டியலுக்குள்ளேயே இருப்பதால் அதைக் கட்டளையின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறியாக வைக்காமல் | போட்டேன் (கட்டளை எழுத்துகளை இங்கே தமிழில் ஒலித்து எழுதுகிறேன்):

எஸ்| \(./பெ\) |;\1;|

அது சரியாக வேலை செய்தது. பிறகு ஆக்கில் 4-ஆவது புலத்தை (தோட்டம்) சேர்ப்பதற்கான திறவுகோலாக வைத்து 5-ஆவது புலத்தை (தொகை) கூட்டினேன். வந்தது இது:

கமுனிங் தோட்டம் 1850
எல்பில் தோட்டம் 920
கமுனிங் தோட்டம் 640
சங்காட் சாலாக் தோட்டம் 1100
எல்பில் தோட்டம் 310

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஒரே மாதிரிதான் இருக்கிறது. என்ன காரணம்?

பதில் 1:
வரிக் கடைசியில் விண்டோஸ் விட்டுச்செல்லும் குறி இருக்கலாம். டிஆர் கட்டளைக்கு -டி '\015' கொடுத்து நீக்கிப் பாருங்கள். தோட்டப் பெயருக்குப் பின்னால் இடைவெளி இருந்தாலும் இப்படி ஆகும்.

கேட்டவர்:
இரண்டும் செய்தேன், மாற்றம் இல்லை. அந்த 015 இருந்தாலும் கடைசிப் புலத்தில், தொகையோடுதானே ஒட்டியிருக்கும்? தோட்டப் பெயர் நடுவில் இருக்கிறது.

பதில் 2:
தம்பி, திரையில் ஒப்பிட்டுப் பயனில்லை. ஆக் பார்ப்பது பைட்டுகளை, அதாவது எழுத்தைக் கணினி சேமிக்கும் எண்களை. நீங்களும் அதையே பாருங்கள். உங்கள் ஆக் விடையை கிரெப் வழியாக விட்டு கமுனிங் வரிகளை மட்டும் எடுத்து, ஓடி -பி கட்டளைக்கு அனுப்புங்கள். பைட்டுகள் எட்டடிமான எண்களாக வரும். 'தோட்' என்ற இடத்தை மட்டும் இங்கே ஒட்டுங்கள்.

கேட்டவர்:
முதல் வரி: 340 256 244 340 257 213 340 256 237
இரண்டாவது: 340 256 244 340 257 207 340 256 276 340 256 237
இரண்டாவதில் மூன்று பைட் கூடுதல்!

பதில் 2:
அதுதான் சங்கதி. 340 256 244 என்பது த. முதல் வரியில் அடுத்து வரும் 340 257 213 ஓகாரக் குறி, ஒரே குறியீடாக. இரண்டாவதில் அதே ஓகாரம் ஏகாரக் கொம்பு (340 257 207), கால் (340 256 276) என்று இரண்டு துண்டாக இருக்கிறது. ஒருங்குறி (யூனிகோட்) இரண்டையும் சமமாகவே ஏற்கிறது, எழுத்துருவும் ஒரே மாதிரி வரைகிறது. ஆக்குக்கு அவை வெவ்வேறு திறவுகோல்.

பட்டியலின் ஒரு பகுதி பழைய கணினியிலிருந்து வந்ததா? டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் தனித்தனியாகவே இருக்கும். ஒருங்குறிக்கு மாற்றிய கருவி அவற்றை இணைக்காமல் விட்டால் இப்படித்தான் மிஞ்சும்.

தீர்வு: ஒருங்குறிக்கான ஐசியூ நூலகத்தோடு வரும் யூகான்வ் கருவியில் -எக்ஸ் எனி-என்எஃப்சி (துண்டான குறிகளை இணைக்கும் தெரிவு) கொடுத்து முழுக் கோப்பையும் கூட்டுவதற்கு முன்பே ஓட்டுங்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். விடையைப் புதுக் கோப்பில் எழுதுங்கள். > குறிக்குப் பின்னால் மூலக் கோப்பின் பெயரையே போட்டால், கட்டளை ஓடுவதற்கு முன்னாலேயே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதை வெறுமையாக்கிவிடும். நன்கொடைப் பட்டியல் ஒன்றே ஒன்று இருக்கும்போது இதில் கவனம் தேவை.

கேட்டவர்:
ஆமாம் அண்ணே, முந்தைய நிர்வாகக் குழு தட்டச்சு செய்தது பாதி, நாங்கள் கைப்பேசியில் சேர்த்தது பாதி. இப்போது கமுனிங் 2490, எல்பில் 1230, சங்காட் சாலாக் 1100. ஆக மொத்தம் 4820 வெள்ளி (ரிங்கிட்), ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் பெயர்வாரியாகக் கூட்டினால் ஸ்ரீதரன் என்ற பெயர் மட்டும் இன்னும் இரண்டாக வருகிறது. த/பெ, தோட்டம் எல்லாம் ஒன்றுதான், ஒரே ஆள்.

பதில் 2:
அதை யூகான்வ் சரிசெய்யாது. ஸ்ரீ எழுத இரண்டு வழி உண்டு: ஸகரத்தில் தொடங்குவது (340 256 270), ஶகரத்தில் தொடங்குவது (340 256 266). இந்த ஶ 2005-இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. ஆனால் ஒருங்குறிக் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள், அதனால் எனி-என்எஃப்சி தொடாது. நீங்களே செட்டில் மாற்ற வேண்டும்:

எஸ்|ஶ்ரீ|ஸ்ரீ|ஜி

கடைசி ஜி முக்கியம், அது இல்லாவிட்டால் வரியில் முதல் இடம் மட்டும்தான் மாறும்; ஒரே வரியில் இரண்டு இடத்தில் ஸ்ரீ வரலாம். அப்பா பெயரிலும் இருக்குமே. ஶகரம் வேறு எங்கும் தேவையில்லாத பட்டியல் என்றால் இது பாதுகாப்பானது.

பதில் 1:
ஒன்று சேர்க்கிறேன். எல்பில், எல்ஃபில் என்று இரண்டு விதமாக எழுதியிருந்தால் எந்தக் கருவியும் சேர்த்துத் தராது. தோட்டப் பெயர்களை மட்டும் கட் கட்டளையால் எடுத்து, சார்ட் (வரிசைப்படுத்த), பிறகு யூனிக் -சி (ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை என்று எண்ண) போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று வரும் பெயர்களைக் கண்ணால் சரிபார்த்தால் போதும். பால் மரம் வெட்டிய காசில் கொடுத்தவர்கள் பலகை முன்னால் நின்று பெயரைத் தேடுவார்கள். அவர்களுடைய தோட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கக் கூடாது.

கேட்டவர்:
செய்துவிட்டேன். ஸ்ரீதரன் ஒன்றாகிவிட்டது. யூனிக் -சி போட்டதில் 'கமூனிங்' என்று நெடிலாக ஒரு வரி தனியாக மாட்டியது. அதன் தொகை 0 என்று இருந்ததால் ஆக மொத்தம் மாறவில்லை, நானும் முன்பு கவனிக்கவில்லை. ரசீதைத் தேடிப் பார்த்தால், அவர் கொடுத்தது பணம் அல்ல, அன்னதானத்துக்கு அரிசி. பொருளாகக் கொடுத்தவர்களுக்குத் தனிப் புலம் சேர்க்கிறேன்.